இடது பக்க முடிச்சு

ஜூன் 3, திங்கள்

பால் தண்ணீராக இருந்தது. பால்காரரிடம் கேட்டேன். "மாட்டுக்குச் சளி பிடிச்சிருக்கும்மா, அதான்" என்றார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவளிடம் சொல்கிற பொய்யா இது? இதைவிட நல்ல பொய்களை மாயவரம் பாசஞ்சரில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சொல்லுவார்கள். நான் யாரையும் விட்டதில்லை. அழுதாலும் விட்டதில்லை, சொந்தக்காரன் என்றாலும் விட்டதில்லை. பால்காரர் மட்டும் சைக்கிளில் ஏறித் தப்பித்துவிட்டார்.

சாயங்காலம் மெடிக்கல் ஷாப்பில் ஒரு களிம்பு டியூப் வாங்கினேன். யாருக்கு என்று அந்தப் பெண் கேட்டாள். வீட்டுக்காரருக்கு, படை, என்றேன்.

இடுப்பில் இடது பக்கம், பாவாடை நாடாவின் முடிச்சு விழும் இடத்தில் ஒரு சொறி. சொறி என்று எழுதிவிட்டேன், புண் என்றுதான் எழுத வேண்டும். போன தீபாவளிக்கு முன்னாலிருந்தே ஆறுவதும் திரும்ப வெடிப்பதுமாக இருக்கிறது. யாருக்கும் காட்டவில்லை. காட்டுகிற இடமா அது?

ஜூன் 9, ஞாயிறு

டியூப் இளைத்திருக்கிறது. நான் பயறளவுதான் எடுக்கிறேன். குளியலறை அலமாரியில், தேங்காயெண்ணெய் பாட்டிலுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். அப்படியும் இளைத்திருக்கிறது.

வீட்டில் மூன்றே பேர். நான், இவர், இவருடைய தங்கை நாகரத்தினம். இவருக்குத் தன் மூக்குக்கண்ணாடி எங்கே இருக்கிறது என்றே தெரியாது, டியூபை எங்கே கண்டுபிடிக்கப் போகிறார்? ஆக, நாகரத்தினம்தான். சத்துணவுக் கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள். புருஷன் போன பிறகு எங்களோடு வந்துவிட்டாள். சமையலறை முழுக்க அவள் கையில். இப்போது குளியலறை அலமாரியையும் துழாவுகிறாள் போலிருக்கிறது. எனக்கு என்ன வியாதி என்று மோப்பம் பிடிக்கிறாள்.

டியூபில் களிம்பு எதுவரை இருக்கிறதோ அந்த இடத்தில் பால்பாயிண்ட் பேனாவால் கோடு போட்டு வைத்தேன்.

ஜூன் 12, புதன்

கோட்டுக்குக் கீழே போய்விட்டது.

இன்னொன்றும் கவனித்தேன். துணி சோப்பை மாற்றியிருக்கிறாள். ஏன் என்று கேட்டால், "இது வாசனையா இருக்கு அண்ணி" என்கிறாள். புண்ணுக்கு இந்தச் சோப்புத்தான் காரணமாக இருக்கும். ஆனால் சோப்பை மாற்றியது சித்திரையில், புண் வந்தது அதற்கு முன்னால். இருந்தாலும் சோப்பின் மேல் எனக்குச் சந்தேகம் போகவில்லை. பழைய சோப்பையே வாங்கி வரச் சொல்லிவிட்டேன். நாடாவையும் சந்தேகப்பட்டேன். காந்தி மார்க்கெட்டில் வாங்கிய நைலான் நாடா. அதை உருவிவிட்டுப் பருத்தி நாடா கோத்துக்கொண்டேன். நைலான் வழுக்கும், பருத்தியை இன்னும் நன்றாக இறுக்கலாம்.

நான் நாடா கட்டுவதில் ஒரு முறை வைத்திருக்கிறேன். ஓடுகிற வண்டியில் பெட்டி பெட்டியாகத் தாவ வேண்டிய வேலை. கறுப்புக் கோட்டுக்குள் சேலை ஓர் அங்குலம் நழுவினாலும் மானம் போய்விடும். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நாடாவை இழுக்க வேண்டும், இடது பக்கம் இரட்டை முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே செருகிவிட வேண்டும். பணியில் இருந்தவரை என் சேலை ஒரு நாளும் நழுவியதில்லை. நாகரத்தினத்துக்கும் நான்தான் கற்றுக்கொடுத்தேன். நான் கல்யாணமாகி வந்தபோது அவளுக்குப் பாவாடை தாவணி வயது. மாமியாரை நான் போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன், நாகரத்தினம் மூன்றாம் வகுப்புப் படிக்கும்போதே போய்விட்டார். அதனால் அவளுக்குச் சேலை கட்டிவிடும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் நாள் ஒரு கல்யாண வீட்டில் சேலை அவிழ்ந்து நின்றாள். அன்றைக்கே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவள் சேலையும் நழுவியதில்லை.

ஜூன் 17, திங்கள்

பாவாடையில் ரத்தம். ஓரமெல்லாம் தடித்து, நடுவில் குழி விழுந்திருக்கிறது. லேசாக வாடையும் வருகிறது. குளிக்கும்போது கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

துவைக்கும் முன் ரத்தத்தை நாகரத்தினம் பார்த்துவிட்டாள். நான் பாவாடையைப் பிடுங்கினேன். அவள் விடவில்லை.

"அண்ணி, டாக்டர்கிட்ட போங்க."

"சூட்டுக் கட்டி. வெயில் குறைஞ்சா போயிரும்."

"போகாது அண்ணி. நீங்க போங்க. போயி என்னன்னு கேட்டுட்டு வாங்க. லேடி டாக்டர்தான் இருக்காங்களாம், நான் விசாரிச்சுட்டேன்."

எனக்காக இவள் ஏன் விசாரிக்க வேண்டும்? முகத்தில் ஓர் அவசரம். அக்கறையில் வருகிற அவசரம் வேறு, இது வேறு. எனக்கு என்ன வியாதி என்று தெரிந்துகொள்ள இவளுக்கு ஏதோ காரணம் இருக்கிறது. மாடி அறை சாவியை இவள் மூன்று தடவை கேட்டாள், நான் கொடுக்கவில்லை. நான் படுத்துவிட்டால் சாவி இவள் கைக்குத்தான் போகும்.

ஜூன் 20, வியாழன்

தோல் டாக்டர் ஜெசிந்தா. சின்ன வயசு, மூக்குத்தி போட்டிருக்கிறார். இவரும் கூட வந்தார். இவரை வெளியே உட்கார வைத்துவிட்டேன்.

டாக்டர் பார்த்தார், அழுத்தினார், தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார், அங்கே ஸ்கேனும் எடுக்க வைத்தார். மரத்துப்போக ஊசி போட்டு ஓரத்திலிருந்து ஒரு துண்டு சதை எடுத்தார். பயாப்சி என்றார். எதற்கு என்றேன். "பாத்துட்டுச் சொல்றேம்மா" என்றார். பார்ப்பதற்கு முன்பே முகம் சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் நாகரத்தினம் கேள்வி மேல் கேள்வி. வலிச்சுதா, எவ்வளவு பெரிய துண்டு எடுத்தாங்க, எப்ப சொல்லுவாங்க, வேற எங்க எல்லாம் தொட்டுப் பாத்தாங்க. தொடை இடுக்கில் தொட்டுப் பார்த்தார்கள் என்றதும் எழுந்து உள்ளே போய்விட்டாள். கதவைத் தாழ் போடும் சத்தம் கேட்டது.

ஜூன் 23, ஞாயிறு

நாகரத்தினம் தரையில் உட்காருவதை நிறுத்திவிட்டாள். அரிவாள்மணையைக் காணோம். மேடையில் நின்றுகொண்டு கத்தியால் காய் நறுக்குகிறாள். கேட்டால் மூட்டு வலி என்கிறாள். மூட்டு வலிக்காரி மாடிப்படி ஏறிப் போவதை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

அவளுடைய பாவாடைகள் மட்டும் மொட்டை மாடிக் கொடியில் காய்வதில்லை. அவள் அறைக்குள்ளேயே காய்கின்றன.

ஜூன் 27, வியாழன்

ரிசல்ட் வாங்க இவர் மட்டும் போனார். "கூட்டமா இருக்கும், நீ எதுக்கு" என்றார். திரும்பி வரும்போது கையில் மல்லிகைப்பூவும் காராசேவும்.

பணியில் இருந்தபோது ஒன்று கவனித்திருக்கிறேன். டிக்கெட் வைத்திருப்பவன் என்னைக் கண்டால் முகத்தைச் சுளிப்பான். இல்லாதவன்தான் "வாங்க மேடம், உக்காருங்க" என்று நகர்ந்து இடம் கொடுப்பான். இன்று இவர் என்னை உட்காரச் சொன்னார்.

"ரிசல்ட் என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல வேணி. சாதாரணக் கட்டிதானாம். சின்னதா வெட்டி எடுத்துரலாம்னாங்க."

"சாதாரணக் கட்டின்னா எதுக்கு வெட்டணும்?"

"அதான் சொல்லிட்டாங்கள்ல."

எழுந்து போய் நாற்காலி மேல் ஏறி மின்விசிறியைத் துடைக்க ஆரம்பித்தார். இந்த அம்சவேணியைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து இவர் மின்விசிறி துடைத்ததாகச் சரித்திரம் இல்லை.

ஜூன் 28, வெள்ளி

தஞ்சாவூரிலிருந்து மங்கை வந்திருக்கிறாள். வேலை நாள். "சும்மாதான்மா, லீவு இருந்துச்சு" என்கிறாள். பேங்கில் வேலை பார்ப்பவளுக்கு மாசக் கடைசியில் சும்மா லீவாம். பெற்றவளிடமே கதை விடுகிறாள்.

நான் சமையலறைக்குள் போனதும் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். நாகரத்தினத்தின் கண் சிவந்திருந்தது. "வெங்காயம் அண்ணி" என்றாள். இன்றைக்குப் பருப்புத் துவையலும் மிளகு ரசமும். வெங்காயமே கிடையாது.

ஜூன் 29, சனி

என்னிடம் மட்டும் சொல்லவில்லை. என் உடம்பு.

ஜூலை 1, திங்கள்

இவர் தூங்கும் நேரம் பார்த்து டவுன் பஸ் ஏறி டாக்டர் ஜெசிந்தாவிடம் போனேன்.

"எனக்கு என்னன்னு என்கிட்ட சொல்லுங்க."

"உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட சொல்ல வேணாம்னு ரொம்பக் கேட்டுக்கிட்டார்மா. நீங்க தாங்க மாட்டீங்கன்னார்."

"நான் தாங்குறதும் தாங்காததும் அவருக்கு எப்படித் தெரியும்? சொல்லுங்க."

சொன்னார். புற்றுநோய். தோலில் வருவது. ஸ்குவாமஸ் செல் வகை என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதும் உள்ளங்கை வேர்த்தது. அதைச் சேலையில் துடைத்துக்கொண்டேன். இதை எழுதும்போதும் வேர்க்கிறது.

அப்புறம் விசாரணையை ஆரம்பித்தேன்.

"வெயில்ல அலைஞ்ச வேலை. அதனாலயா?"

"வெள்ளைத் தோல்காரங்களுக்கு வெயில்தான் முதல் காரணம். முகத்துல, காதுல, கையில வரும். நம்ம தோலோட கறுப்பு பெரிய பாதுகாப்பு, வெயிலோட கெடுதல் உள்ள இறங்க விடாது. நமக்குப் பெரும்பாலும் வேற வழியா வருது. ஆறாத புண்ணு, பழைய தீக்காயத் தழும்பு, ஒரே இடத்துல வருஷக்கணக்கா உரசுறது. உங்களுக்கு வெயிலே படாத இடம்மா. பாவாடை நாடா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நாடாவா? அப்படிப் பாத்தா இந்த ஊர் பொம்பளைங்க பூரா இங்க வந்து படுத்திருக்கணுமே?"

"எல்லாருக்கும் கறுப்பா ஒரு கோடு விழும். சிலருக்கு அரிப்பும் செதிலுமா இருக்கும். அதோட நின்னுரும். ரொம்ப ரொம்ப சிலருக்குத்தான் இப்படி மாறும். தோல் தேய்ஞ்சா ஆறணும், ஆறணும்னா புது செல் பிறக்கணும். மறுநாளும் அதே இடத்துல நாடா, அதே தேய்மானம், திரும்பப் புது செல். இத்தனை வருஷமா இப்படியே நடந்தா எங்கயோ ஒரு செல் தப்பாப் பிறந்துரும். சாதாரண செல்லுக்கு எப்ப நிக்கணும்னு தெரியும். இதுக்குத் தெரியாது. பெருகிக்கிட்டே போகும்."

நான் நம்பவில்லை. வெட்ட வேண்டும் என்பதற்காகச் சொல்கிறார் என்று தோன்றியது. அந்தச் சதை என்னுடையதுதானா? பெட்டி மாறி ஏறுகிறவர்களைப் பார்த்தவள் நான், சீசா மாறியிருக்காதா? "கண்ணால பாத்தாத்தான் நம்புவேன்" என்றேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். "வாங்க" என்று எழுந்துவிட்டார்.

கீழே லேபில் ஒருவர் மைக்ராஸ்கோப்பில் கண்ணாடித் துண்டை வைத்தார். முதலில் அதன் எண்ணைக் காட்டச் சொன்னேன். என் சீட்டில் இருந்த எண்தான். கண்ணை வைத்தேன். ரோஸ் நிறம் முழுக்க. அதற்கு நடுவில் வட்டம் வட்டமாக, வெங்காயத்தைக் குறுக்கே அரிந்து வைத்தது போல, சுற்றுக்குள் சுற்று.

"இதை நாங்க முத்துன்னு சொல்லுவோம். தோலோட மேல் பக்கம் உண்டாக வேண்டிய பொருள். உள்ள இறங்கி உருண்டையா சேந்துருச்சு. இது இருந்தா சந்தேகமே இல்லம்மா" என்றார் லேப்காரர்.

அழகாக இருந்தது. அதுதான் ஆத்திரமாக வந்தது.

மாடிக்கு வந்ததும் கேட்டேன். பிழைப்பேனா?

"மச்சத்துல வர்ற கறுப்பு வகை மாதிரி வேகமா ஓடுறது இல்ல இது. சுத்தி நல்ல தோலையும் சேத்து வெட்டி எடுத்துட்டா பெரும்பாலும் அதோட முடிஞ்சிரும். விட்டு வெச்சாத்தான் ஆபத்து. தொடை இடுக்கு நெறிகட்டிக்குப் போச்சுன்னா கதை வேற. உங்களுக்கு ஸ்கேன்ல அங்க ஒண்ணும் இல்ல. தள்ளிப் போடாதீங்க."

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. முன் இருக்கையிலிருந்து ஒரு பெண் எழுந்து நின்று சேலையைச் சரிசெய்துகொண்டாள். இடுப்பில் கறுப்பாகக் கோடு. இறங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

காபி கொடுத்துவிட்டு இவரிடம் சொன்னேன். "கேன்சர்னு எனக்குத் தெரியும். ஆபரேஷன் எட்டாம் தேதி. நானே தேதி வாங்கிட்டேன்." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல வேணி" என்றார். இனிமேல் மின்விசிறி துடைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

நாகரத்தினம் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "நாடாவாலயா அண்ணி? நிச்சயமா நாடாவாலயா?" என்று இரண்டு தடவை கேட்டாள். அவளுக்கு அதில் என்ன அவ்வளவு சந்தேகம்?

ஜூலை 10, புதன்

ஆபரேஷன் முடிந்தது. முதுகில் ஊசி. கண் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். திரை கட்டிவிட்டார்கள், இல்லாவிட்டால் பார்த்திருப்பேன். புண்ணைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு நல்ல தோலையும் எடுத்துத் தைத்திருக்கிறார்கள். எடுத்ததன் ஓரத்தைச் சோதித்துவிட்டுச் சொல்வார்களாம். ஓரத்தில் கெட்ட செல் இருந்தால் மறுபடியும் வெட்ட வேண்டும்.

படுத்துக்கொண்டே எழுதுவதால் எழுத்து கோணுகிறது.

ஜூலை 15, திங்கள்

நைட்டியில் இருக்கிறேன். மூன்று மாதம் நாடாவே கூடாது, அப்புறமும் அகலப் பட்டை வைத்துத் தளர்வாகத்தான் கட்ட வேண்டும் என்கிறார்கள். இடுப்பில் ஒன்றும் இல்லாமல் நடப்பது நடுத்தெருவில் நிற்பது போல இருக்கிறது.

கட்டு மாற்றுவது நாகரத்தினம். நர்ஸ் வருவதாகச் சொன்னார்கள், இவள் வேண்டாம் என்றுவிட்டாள். பஞ்சை இழுப்பதற்கு முன் ஆறவைத்த வெந்நீரால் நனைக்கிறாள். ஓரத்திலிருந்து நடுவுக்கு வருகிறாள், வலிக்கும் இடத்துக்கு முன்பே கை நின்றுவிடுகிறது. சத்துணவுக் கூடத்தில் சாம்பார் கிண்டியவளுக்கு இது எப்படித் தெரியும்? நர்ஸே அன்றைக்கு வெடுக்கென்று இழுத்துக் கத்த வைத்தாள்.

"எங்க கத்துக்கிட்ட?" என்று கேட்டேன்.

"கத்துக்கிறதுக்கு என்ன இருக்கு அண்ணி. வலிக்கும்னு தெரியாதா?"

பதில் மாதிரி இருக்கிறது, பதில் இல்லை.

ஜூலை 24, புதன்

தையல் பிரித்தாயிற்று. ஓரம் சுத்தம். நான்கு பக்கமும், அடியிலும், கெட்ட செல் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், அவ்வளவுதான். மருந்து ஏற்றுவது, கரண்ட் வைப்பது எதுவும் வேண்டாம் என்றுவிட்டார்கள்.

ஆஸ்பத்திரி வாசலில் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஊரே பார்க்கப் பிடித்துக்கொண்டார். நானும் விடவில்லை. சந்தோஷமாக இருக்கிறது, வேறு என்ன எழுத?

ஜூலை 31, புதன்

களிம்பு டியூபை நான் ஒரு மாதத்துக்கு மேலாகத் தொடவில்லை. இன்று குப்பைக்கூடையில் அது கிடந்தது. கடைசிவரை பிதுக்கி, வாலிலிருந்து சுருட்டி, என் பேனாக் கோடும் சுருளுக்குள் போயிருந்தது. அலமாரியில் எண்ணெய் பாட்டிலுக்குப் பின்னால் புது டியூப். நான் வாங்கவில்லை.

இன்னொன்று. வாடை. மாதக்கணக்கில் என் உடம்பிலேயே இருந்ததால் அந்த வாடை எனக்கு நன்றாகத் தெரியும். ஈரத்துணியும் இரும்பும் கலந்த மாதிரி. என் புண்ணை வெட்டி எடுத்தாயிற்று. வாடை மட்டும் வீட்டிலேயே இருக்கிறது. என் கட்டை முகர்ந்து பார்த்தேன், மருந்து வாசனைதான். படுக்கை விரிப்பை மாற்றினேன். குளியலறையைக் கழுவினேன். போகவில்லை.

சாயங்காலம் கட்டு மாற்ற அவள் குனிந்தாள். வாடை கிட்டே வந்தது. நிமிர்ந்தாள், போய்விட்டது.

ஆகஸ்ட் 1, வியாழன்

இத்தனை நாளும் தப்பான ஆளைப் பிடிக்கவில்லை. தப்பான குற்றத்துக்குப் பிடித்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, சனி. ஆடிப்பெருக்கு

மங்கை குடும்பத்தோடு வந்தாள். காவிரியில் தண்ணீர் கரை தொட்டுப் போகிறதாம். நாகரத்தினம் விடியற்காலையிலேயே எழுந்து எலுமிச்சைச் சாதம், தேங்காய்ச் சாதம், தயிர்ச் சாதம் எல்லாம் கிளறித் தூக்கில் போட்டுக் கொடுத்தாள். எல்லோரும் அம்மா மண்டபத்துக்குக் கிளம்பினார்கள். "நான் வரல, அண்ணிக்குத் துணைக்கு இருக்கேன்" என்றாள் அவள். வருடா வருடம் முதல் ஆளாக நின்று காவிரிக்குக் காதோலை கருகமணி விடுகிறவள்.

கார் தெருமுனை திரும்பியதும் வாசல் கதவைத் தாழ் போட்டேன். சமையலறைக்குப் போனேன்.

"நாகு, இடுப்பைக் காட்டு."

"என்ன அண்ணி இது, நல்ல நாளும் அதுவுமா."

"காட்டுடி."

அவள் பின்னால் நகர்ந்தாள். பின்னால் மேடை, அதற்கு மேல் நகர இடமில்லை. கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

"உங்களுக்கு நல்லாயிரட்டும்னு இருந்தேன் அண்ணி. ஒரு வீட்ல ஒருத்தருக்கு வந்தாப் போதாதா? அண்ணன் உங்களுக்கே உடைஞ்சு போயிட்டாரு. நானும் போயி நின்னா அந்த மனுஷன் என்ன ஆவாரு?"

"எத்தனை நாளா?"

"உங்களுக்கு முன்னாலயே. ரெண்டு வருஷம் இருக்கும். படைன்னு நெனச்சேன். உங்க களிம்பைப் பாத்ததும் எனக்கும் கேக்கும்னு போட்டேன்."

"தெரியும். கோடு போட்டு வெச்சிருந்தேன்."

"அந்தக் கோட்டை நானும் பாத்தேன் அண்ணி."

பார்த்துவிட்டும் போட்டிருக்கிறாள். வேறு வழி இல்லாமல் போட்டிருக்கிறாள். டாக்டரிடம் என்னைத் துரத்தியதும், வந்ததும் வராததுமாகக் குடைந்ததும், தன் வியாதி என்னவென்று என் வாயால் கேட்டுக்கொள்ளத்தான். கட்டு மாற்ற எங்கே கற்றாள் என்பதும் தெரிந்துவிட்டது. இத்தனை நாள் நான் இவளைத் திருடி மாதிரி எழுதி வைத்திருக்கிறேன். எழுதியதைக் கிழிக்கப் போவதில்லை, இருக்கட்டும்.

கொஞ்சம் விலக்கிக் காட்டினாள். இடது பக்கம். என்னுடையதைவிடப் பெரிது.

பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மலைக்கோட்டைக்குப் போகிறோம் என்று இவரிடம் சொல்லிவிட்டு இரண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். இவர் நம்பிவிட்டார். விபூதி வாங்கி வரச் சொன்னார்.

டாக்டர் ஜெசிந்தாவின் அறையில் நாகரத்தினம் மேசை மேல் படுத்தாள். நாடா அவிழவில்லை. இவள் அவசரத்தில் மேல் இழையை இழுத்து இன்னும் இறுக்கிவிட்டாள். நர்ஸ் முயன்று பார்த்தாள், நகம் உடைந்ததுதான் மிச்சம். "இது என்னம்மா கட்டு, கத்தரி கொண்டாங்க" என்றாள். நான் நர்ஸை நகரச் சொன்னேன். செருகிய நுனியை வெளியே எடுத்து, கீழ் இழையை ஒரே இழுப்பு. அவிழ்ந்துவிட்டது. அந்த முடிச்சு அப்படித்தான் அவிழும், வேறு எப்படி இழுத்தாலும் இன்னும் இறுகும்.

டாக்டர் தொடை இடுக்கில் ரொம்ப நேரம் தடவிப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை முகம் ஒன்றும் சொல்லவில்லை. துண்டு எடுத்தார்கள். ஸ்கேனும் எடுத்தார்கள்.

விபூதி தெருமுனைக் கடையில் வாங்கினோம்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

என்னால் வைத்திருக்க முடியவில்லை. இவரிடம் சொல்லிவிட்டேன். அழுதார், தேம்பித் தேம்பி அழுதார். தங்கை என்றதும் அழுகை வருகிறது. எனக்கு மின்விசிறிதான் துடைத்தார்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஒன்றும் ஓடவில்லை. நாகரத்தினத்துக்கு என் நைட்டி இரண்டைப் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு கூடத்துக்கு வரவே கூச்சப்பட்டாள். பழைய பாவாடைகளிலிருந்து நாடாவை எல்லாம் உருவினேன், என்னுடையது, அவளுடையது எல்லாவற்றையும். பால்காரர் வந்தார். பால் தண்ணீராகத்தான் இருந்தது. கேட்கத் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ரிசல்ட்.

இவர் வெளியே பெஞ்சில். டாக்டர் என்னைப் பார்த்து, "நீங்க கொஞ்சம் தனியா வர்றீங்களாம்மா?" என்றார். நான் நகரவில்லை.

"அவ உடம்பு. அவகிட்டயே சொல்லுங்க."

டாக்டர் நாற்காலியை நாகரத்தினத்தின் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். அதே வகைதான் என்றார். உங்க அண்ணியோடதைவிட ஆழமா இறங்கியிருக்கு, அகலமும் ஜாஸ்தி. வெட்டினா அப்படியே இழுத்துத் தைக்க வராது, தொடையிலேருந்து தோல் எடுத்து ஒட்டணும். ஒரு மாசம் சிரமமா இருக்கும். ஆனா நெறிகட்டி சுத்தமா இருக்கு. ஸ்கேன்ல ஒண்ணும் இல்ல. இன்னும் ஆறு மாசம் களிம்பு போட்டுக்கிட்டு இருந்திருந்தா நான் இப்படிப் பேசிக்கிட்டிருக்க மாட்டேன்.

நாகரத்தினம் என் கையைப் பிடித்திருந்தாள். சுத்தம் என்ற வார்த்தையைக் கேட்டதும் பிடி தளர்ந்தது. என் விரல்களுக்கு ரத்தம் திரும்பி வந்தது.

தேதி குறித்துக் கொடுத்துவிட்டு டாக்டர் கேட்டார்.

"நாடா கட்டும்போது மூச்சை உள்ள இழுத்துக்குவீங்களா?"

"ஆமா டாக்டர்."

"அதான் இவ்ளோ பதிஞ்சிருக்கு. ஒரே இடம், இடது பக்கம், ரெட்டை முடிச்சு. இத்தனை வருஷமா! யாரும்மா உங்களுக்கு இப்படிக் கட்டக் கத்துக்குடுத்தது?"

அறையில் மூன்று பேர்தான் இருந்தோம். நான் சுவரில் இருந்த தோல் படத்தைப் பார்த்தேன். மேல் அடுக்கு, நடு அடுக்கு, கீழ் அடுக்கு.

"எங்கம்மா டாக்டர்" என்றாள் நாகரத்தினம். நிறுத்தாமல், யோசிக்காமல். "எங்கம்மா ரொம்பக் கண்டிப்பு. சேலை நழுவவே கூடாதும்பாங்க."

மூன்றாம் வகுப்பில் அம்மாவைப் பறிகொடுத்தவள். அவள் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன். டிக்கெட் இல்லாதவர்களின் முகம் எனக்கு எந்தக் கூட்டத்திலும் தெரியும்.

நான் ஒன்றும் கேட்கவில்லை. விட்டுவிட்டேன்.